சலேத்தம்மாளுக்கு ஊற்றிய தண்ணீர்

12 மே 1952, திங்கள்

பள்ளிக்கூடம் விடுமுறை. கோயிலைக் கூட்டி, பீடத்துணியை மாற்றினேன். இந்த வருடமும் மழை ஏய்த்துவிட்டது. ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கோயில் கிணற்றில் வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்திருக்கிறோம்.

நேற்று சின்னப்பிள்ளையின் பேரனுக்குச் சாகுமுன் ஞானஸ்நானம் கொடுத்தேன். இதோடு நாற்பது. சாகக் கிடந்த பச்சைப் பிள்ளைகள் நாற்பது பேரை மோட்சத்தில் சேர்த்திருக்கிறேன். பங்குச் சுவாமியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற ஊரில் ஓர் உபதேசியார் சர்வேசுரனுக்குப் பிரியமாக வேறென்ன செய்துவிட முடியும்? இதற்காகத்தான் என்னைப் படைத்தார். எனக்குச் சந்தேகமே இல்லை.

என் மனைவி இன்னாசியம்மாளுக்கு இது கேலி. "மோட்சத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவுக வந்துட்டாக, எலை போடணும்" என்கிறாள். சிரிக்கட்டும்.

14 மே, புதன்

நாற்பத்தொன்று.

அடைக்கலத்தின் மனைவி செவந்திக்குப் பிறந்த பெண் குழந்தை. எட்டு நாள்தான் ஆகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல். அடைக்கலம் கூலி வேலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கிறான். கீரமங்கலத்தில் இளநீர் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போன மலையாண்டியின் வண்டியை மறித்து, இருவரையும் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் செவந்தி நினைவிழந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கலயத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருபுறமும் பொட்டல்.

"தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். மலையாண்டி இளநீர் ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தான்.

வாங்கி, தலையில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தைச் சொன்னேன். சலேத்தம்மாள் என்று பெயரிட்டேன். சொல்லி முடித்ததும் மூச்சு அடங்கிவிட்டது.

இளநீரும் தண்ணீர்தானே. என்ன இருக்கிறது அதில்? தண்ணீர்தான்.

15 மே, வியாழன்

கல்லறைச் சுவருக்கு உள்ளேயே அடக்கம் செய்தோம். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்றால் சுவருக்கு வெளியே கருவேலங்காட்டில்தான் இடம். செவந்திக்கு விடியற்காலையிலேயே நினைவு திரும்பிவிட்டது. "உன் பிள்ளை நேராக மோட்சம் போய்விட்டது, நான் தண்ணீர் ஊற்றினேன்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் எழுதிவிட்டேன்.

20 மே, செவ்வாய்

பதிவேட்டைத் திறந்தால் எறும்பு. மற்ற பக்கங்களில் ஒன்றும் இல்லை. சலேத்தம்மாள் என்று எழுதிய வரியின் மேல் மட்டும், எழுத்தே தெரியாதபடி. ஊதித் தள்ளினேன். விரலில் லேசாக இளநீர் வாசனை. என் மூக்கு என்னை ஏமாற்றுகிறதா?

27 மே, செவ்வாய்

குழந்தையின் கல்லறை ஈரமாக இருக்கிறது.

ஊரே காய்ந்து கிடக்கிறது. சுற்றிலும் உள்ள கல்லறைகளில் கை வைத்தால் சுடுகிறது. இந்தச் சாண் அளவு மேடு மட்டும் குழைந்து, குளிர்ந்து கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். கையைத் துடைத்த பிறகும் குளிர்ச்சி போகவில்லை.

28 மே

இன்றும் ஈரம்.

1 ஜூன், ஞாயிறு

பெட்டியின் அடியிலிருந்து ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்தேன். தெரிந்ததுதான். இருபது வருடமாக நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். கிணறு, குளம், மழை, கடல், இவற்றின் தண்ணீர் ஆகும். காயிலும் பழத்திலும் பிழிந்தது ஆகாது. செல்லாது.

அப்படியானால் சலேத்தம்மாள் எங்கே? சர்வேசுரன் முகத்தைப் பார்க்காமல் ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் கேட்கிறாளா? அதுவா அந்த ஈரம்?

சொல்லிவிட்டால் தோண்டி எடுத்து வெளியே புதைக்கச் சொல்வார்கள். செவந்தி தாங்குவாளா? சொல்லாவிட்டால் நான் தாங்குவேனா?

இதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று. பிறக்கும்போதே உயிர் இல்லை. யாரும் எதுவும் ஊற்ற முடியவில்லை. பதினோரு வருடம் ஆகிறது. வெட்டியானிடம் கொடுத்தனுப்பினேன், கூடப் போகவில்லை. சுவருக்கு வெளியே எங்கே வைத்தான் என்றும் கேட்கவில்லை. மோட்சம் இல்லாத பிள்ளையிடம் போய் என்ன செய்வது என்று இருந்துவிட்டேன்.

10 ஜூன், செவ்வாய்

இன்று விடிந்தது முதல் கல்லறைத் தோட்டத்து வேம்படியில் உட்கார்ந்திருந்தேன். யாராவது ஊற்றுகிறார்களா என்று பார்த்துவிடுவோம். ஒரு காக்கை கூட வரவில்லை. உச்சி வெயில் ஏறியபோது மேடு காய்ந்து வெளுத்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கப் போனேன். மூன்று தடவை மும்மூன்று அடி, அவ்வளவுதான். திரும்பி வந்தால் –

ஈரம். தலைமாட்டில் மட்டும். எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு காலடியும் இல்லை, புழுதி கலையவில்லை.

ஓடி வந்துவிட்டேன். கொட்டுகிற வியர்வையைப் பார்த்து இன்னாசியம்மாள், "என்னங்க, பேயைக் கண்ட மாரி வாரீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என்னத்த ஒண்ணுமில்ல!

15 ஜூன், ஞாயிறு

சுவாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொன்னேன், ஈரத்தைத் தவிர. அவர் தோண்ட வேண்டாம் என்றார். பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிடு, தாயிடம் நீயே போய்ச் சொல் என்றார். தோண்டச் சொல்லியிருந்தாலும் இதைவிட இலேசாக இருந்திருக்கும்.

16 ஜூன், திங்கள்

செவந்தி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நான் ஊற்றியது தண்ணீர் இல்லை, இளநீர், அது செல்லாது என்று.

ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியுமுங்க. குளிப்பாட்டயில பிள்ளை தலை பூரா எறும்பு. தண்ணிக்கு எறும்பு வருமாங்க?"

"ஏன் கேட்கவில்லை?"

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க. ஊரெல்லாம் நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டு. எம்பிள்ளை எண்ணிக்கையா போச்சேன்னு இருந்துச்சு. ஒங்ககிட்ட என்னத்தக் கேக்க?"

சர்வேசுரா, அறைந்திருக்கலாம் அவள்.

பிறகு சொன்னாள். தன் வீட்டுக் குடத்தில் ஒரு செம்பு எடுத்துப் போய், தெரிந்த மட்டும் அந்த வார்த்தைகளைச் சொல்லி, கல்லறைத் தலைமாட்டில் ஊற்றிவிட்டு வருகிறாளாம். செத்த பிறகு செல்லாது என்பதும் தெரியுமாம். "செல்லுதோ செல்லலையோ. தாகத்துக்காச்சும் ஆகட்டும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஈரத்தின் காரணம் தெரிந்துவிட்ட ஆறுதலும் இருந்தது, மறைப்பானேன். "தினமும் எப்படி யார் கண்ணிலும் படாமல் போகிறாய்?" என்று கேட்டேன்.

"தெனமுமா? ஒரு குடத்துல தெனமும் எங்கிட்டுப் போறதுங்க? வெள்ளிக்கிழமை மட்டுந்தான்."

17 ஜூன்

மற்ற நாள்களில் யார்?

இன்று செவ்வாய். போய்ப் பார்த்தேன். ஈரம். ஆனால் இன்று ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவளை எண்ணிக்கையாக்கியதற்காக.

19 ஜூன், வியாழன்

நாற்பது பிள்ளைகளில் ஒன்றின் முகமாவது நினைவிருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். இல்லை. சர்வேசுரனுக்குப் பிரியமாக நடப்பதாக நினைத்து, அவர் கொடுத்த ஒன்றையும் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

காலையில் எங்கள் முறைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். இன்னாசியம்மாள் எங்கே என்று கேட்டாள். சுவருக்கு வெளியே என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு வந்தாள்.

கருவேலங்காட்டுக்குள் சின்னச் சின்ன மேடுகள். எது யாருடையது என்று எந்த அடையாளமும் இல்லை. நான் திகைத்து நின்றேன். அவள் முள்ளை ஒதுக்கிக்கொண்டு நேராகப் போய் ஓரிடத்தில் நின்றாள். அதைச் சுற்றி மட்டும் முள் வெட்டியிருந்தது, தரை பெருக்கியிருந்தது.

பதினோரு வருடமாக வருகிறாளா? கேட்கவில்லை. குடத்தைச் சாய்த்து ஊற்றினேன். எந்த வார்த்தையும் சொல்லத் தோன்றவில்லை.

"இவனுக்குப் பேர் வைத்தாயா?" என்று மட்டும் கேட்டேன்.

"வச்சேன்" என்றாள். "நீங்க என்னைக்காச்சும் கேப்பீங்கன்னு இருந்தேன்."