முதுகு காட்டிப் போகும் படகு

அனுவின் அப்பாவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அடையாற்றில் துடுப்புப் போடப் பழகும் பள்ளிக்கூடப் பெண்களுக்குத்தான் சமைக்கிறேன். நேற்று, படகில் வழி சொல்லும் பெண்ணுக்குக் காய்ச்சல். கோச் மேடம் அந்த இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார். பயப்படாதீர்கள், மிதவைச் சட்டை போட்டிருந்தேன். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார்கள். நாலு முகமும் என்னையே பார்த்தன. எல்லோருக்கும் நம் அனு நம்மை விட்டுப்போன வயது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னாக்கா, தூங்கிக்கினு கீற? உன்னைத்தான நம்பிப் போறோம்,” என்று எனக்கு நேரே துடுப்போடு உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி சிரித்தாள்.

கண்ணைத் திறந்தேன். படகு அசையாத மாதிரியும் கரைதான் எங்கேயோ போகிற மாதிரியும் இருந்தது. நாலு பேரையும் பார்த்துக்கொண்டே பாலம் வரை போய்வந்தேன்.

இனி சனிக்கிழமைதோறும் ஏறச் சொல்கிறார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது. அடுப்பில் பால் இருக்கிறது, முடிக்கிறேன். அனுவின் தொப்பியை அனுப்புங்கள். அதில் முடி ஒட்டியிருந்தால், அதை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சியம்மாள்