சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

பாண்டி அப்பாவுக்கு,

அங்கன சௌகரியமா? முதலில் பிள்ளைகள் சேதி. பாண்டி மகள் செல்வி பாலிடெக்னிக் முடித்து, கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி கபடியில் மாவட்ட அளவுக்குப் போய் வந்தான். மகள் வீட்டுப் பேரன் ஆறாம் வகுப்பு. என்னைவிட ஒரு வகுப்பு கூட.

இனி உங்கள் டிராக்டர் சேதி. தை பிறந்ததிலிருந்து லிப்ட் சரியில்லை. கலப்பையைத் தூக்கி வைத்தால் தலையாட்டியது. எஞ்சினை நிறுத்தினால் தானாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. ஆயில் அளவு பார்த்தாயிற்று, பில்டரையும் கழுவியாயிற்று. உள்ளே ஆயில் கசியாமல் அடைக்கிற பிஸ்டன் சீல்தான் போய்விட்டது என்று மெக்கானிக் கழற்றிப் போட்டார். பானட்டில் எழுதியிருந்த மாடலைச் சொல்லிப் பாண்டி இரண்டு தடவை சீல் வாங்கி வந்தான். இரண்டும் சேரவில்லை.

சனிக்கிழமை சொன்னான்: "அப்பா எந்தக் காலத்து வண்டிய வாங்கிட்டு வந்தாகளோ, இதுக்குச் சாமானே இல்ல ஆத்தா. வியாழக்கிழம பழைய இரும்புக்கு ஏத்திர்றேன்."

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா? சுருளிப்பட்டித் தோப்பில் தென்னை விழுந்து பானட் நசுங்கியபோது பாண்டி கைப்பிள்ளை. தேனிக்கு ஓட்டிப்போய், வேறு மாடலின் பானட்டை மாட்டிப் பெயிண்டும் அடித்துக் கொண்டுவந்தீர்கள். "அடுத்தவன் மூஞ்சிய மாட்டிக்கிட்டுத் திரியுறான்னு சிரிப்பாக. மூச்சு விடாத" என்றீர்கள்.

திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். கோபமா?

"சொல்லக் கூடாதுன்னாகளா?" என்று மட்டும் பாண்டி கேட்டான்.

லீவுக்கு வந்திருந்த செல்வி, அப்படியானால் பானட்டை நம்பாமல், வண்டி உடம்பில் கம்பெனிக்காரர்கள் மாடல் நம்பர் அடித்த தகட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். தகடு எங்கே தெரியும்? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதன் மேல்தான் நான் சந்தனம் அப்பினேன். சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்றதும் நானே. நீங்களும் அதற்கு மேலேயே பெயிண்ட் அடித்தீர்கள்.

அவள் தின்னரும் துணியுமாகக் குனிந்து உட்கார்ந்தாள். "அப்பத்தா, இது சந்தனமா, சிமெண்டா?"

ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அந்த நம்பரைச் சொன்னதும் மறுநாளே தேனியில் சீல் கிடைத்தது.

வியாழக்கிழமை இரும்பு லாரிக்காரர் வந்தபோது, பாண்டி கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போனான். லாரிக்காரரும் நானும் கலப்பையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் திரும்பி வரும்வரை அது அசையவில்லை.

"அப்ப நான் கெளம்புறேன் ஆத்தா" என்றார்.

பானட் விஷயம் இனி ஊருக்கே தெரியும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வருகிற ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை மட்கார்டில்தான் வைப்பேன், தகட்டில் வைக்க மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் புது வாக்கு.

செல்வியிடம் சொல்லியிருக்கிறேன்: தகடு தெரிகிற மாதிரி வண்டியைப் புதுப் போட்டோ எடுத்து, போனில் வேண்டாம், தபாலில் அனுப்பு. உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
மார்க்கையன்கோட்டையிலிருந்து
பாண்டி அம்மா