என் பேரில் நீ பதிந்த இணைய சாம்ராஜ்யம்

எட்டுத் திக்கும் புகழ் பரப்பும் என் ஒரே அக்கா மகனுக்கு, மாமா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் என் மூக்குக்கண்ணாடிக் கடையும் சௌக்கியம், அங்கே உன் உடம்பு சௌக்கியம் என்பது போட்டோவில் கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது, புத்தி சௌக்கியமா என்பதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, இப்போது மாடிக்குக் குதிரை மாதிரி ஏறுகிறாள், ஏறியதும் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டு என்னைத் திட்டுகிறாள். கடைக்குப் புது அலமாரி வந்திருக்கிறது, அதன் கண்ணாடியில் தன்னைப் பார்த்த எதிர்வீட்டுப் பூனை வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. போன வாரம் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைத் தந்தார், யானைக்குட்டி கனம் இருக்கும். பஸ் டிக்கெட் விற்கும் அந்தப் பெரிய கம்பெனியின் வக்கீல் அனுப்பியது. அவர்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டு நான் ஓர் இணைய முகவரி பதிந்து வைத்திருக்கிறேனாம், அவசரத்தில் தப்பாகத் தட்டுகிற சனங்களை அங்கே இழுத்து விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கிறேனாம். நானா! போனில் அலாரம் வைக்கவே உன்னைக் கடல் தாண்டிக் கூப்பிடுகிறவன், ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆகிவிட்டேன், உண்மையைச் சொன்னால் காப்பி ஆறும் வரைக்கும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் உன்னைக் கூப்பிட்டால், நீ ஒன்றும் அறியாத பச்சைக்குழந்தைக் குரலில், "ஒண்ணும் ஆகாது மாமா, முதல்ல பதிஞ்சவனுக்குத்தான் சொந்தம், சும்மா உங்க பேரும் கடை அட்ரஸும் போட்டேன், நல்ல விலை குடுத்தா தர்றோம்னு பதில் எழுதித் தர்றேன், உங்க கடை லெட்டர்ஹெட்ல அனுப்பிடுங்க" என்றாய்.

அந்தப் பதிலை நான் அனுப்பவில்லை. நம் கடையில் கண்ணாடி போடும் வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கோர்ட் சுவர் விரிசல் விட்டிருக்கும். "இத அனுப்பியிருந்தீங்கன்னா அவங்க வக்கீலுக்கு வேலையே இருந்திருக்காது சார், நீங்களே கேஸ ஜெயிச்சுக் குடுத்திருப்பீங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், காதில் போட்டுக்கொள். முதலில் பதிந்தால் முகவரி கிடைக்கும், ஆனால் ஊரறிந்த பெயரைக் கொஞ்சம் கோணலாக்கிப் பதிந்தால் அது நிலைக்காது, நடுவர் மன்றம் வைத்துப் பிடுங்கிக்கொள்வார்கள், சில நாடுகளில் கோர்ட்டுக்குப் போய் நஷ்டஈடும் கேட்பார்கள். உனக்கு அந்தப் பெயரில் என்ன பாத்தியதை, என்ன நோக்கத்தில் பதிந்தாய் என்றுதான் பார்ப்பார்களாம். விளம்பரம் போட்டது கெட்ட நோக்கத்துக்கு ஒரு சாட்சி, அவர்களிடமே விலை பேசுவது இன்னொரு சாட்சி, மாமன் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது எல்லாவற்றுக்கும் மேல். நீ வேலை பார்ப்பதோ வங்கியில், அதுவும் மோசடி இணையதளங்களைக் கண்டுபிடிக்கிற பிரிவில். இது வெளியே வந்தால் அந்த வேலையில் உன்னை ஒரு நிமிஷம் வைத்திருப்பார்களா, சொல்லு மாப்ளே.

இதையெல்லாம்கூட நான் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன். ஆனால் போன மாதம் உன் அம்மா தன் தோழியைப் பார்க்கப் போக டிக்கெட் போட்டாள், கண்ணாடி போடாமல் தட்டியதில் ஓர் எழுத்து விட்டுப்போய் நேராக உன் இணையப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறாள். அங்கே பரிசு தருகிறோம் என்று மின்னிய விளம்பரத்தை அமுக்கிப் போன் நம்பரையும் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து எவனெவனோ கூப்பிட்டுக் கார்டு நம்பர் கேட்கிறான். கார்டு என் பெட்டியில் இருப்பதால் தப்பித்தோம். இவளோ ஒவ்வொருத்தனிடமும், "கொரல் ஏன்ப்பா கம்மியிருக்கு, சாப்பிட்டியா?" என்று விசாரிக்கிறாள். எந்தப் பாவி இப்படிப் பக்கம் நடத்துகிறான் என்று என்னிடம் கேட்டாள். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன், இதில் பேரமோ கெஞ்சலோ கிடையாது. முகவரி என் பேரில் இருப்பதால் சட்டப்படி அதன் சக்கரவர்த்தி நான்தானாம். வக்கீலம்மா எழுதிக் கொடுக்க, சும்மாவே உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அதை ஒப்புக்கொள்ளச் சொல்லி, பதியும்போது நீ கொடுத்த உன் மெயிலுக்கு வரும், வந்ததும் அமுக்கு. விளம்பரங்களை இன்றைக்கே எடு. இதே மாதிரி வேறு கோணல் பெயர்கள் வைத்திருந்தால் அவற்றையும் விட்டுத் தொலை. மாட்டேன் என்றால் அந்தக் கம்பெனி வக்கீலிடம் உன் பெயரையும் சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்வேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் தலைமுடி உன் வேலையைவிட நிலைத்து நிற்க வேண்டும், மாமனின் ஆசிகள் என்றைக்கும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, அந்தப் பாவி யார் என்று உன் அம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தெரியாத நம்பர் எதையும் எடுக்காதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் உன் சொந்த நம்பரிலிருந்தே கூப்பிடு.

இப்படிக்கு,
முடி துறந்த சக்கரவர்த்தி,
உன் மாமா.