கையில் கொடுத்த கரண்டி

சித்தூர்
12-2-1955

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு ஆயா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பஸ்ஸில் நல்லபடி வந்து சேர்ந்தேன். இங்கே சித்தூர் ஆந்திராவிலா, மெட்ராஸிலா என்று தெருவெல்லாம் ஒரே சண்டை. நான் உன் திருப்பதிப் பள்ளிக்கூடத்து நாடகக் கதையைச் சொன்னதும் அதை விட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

நீ என்னை வழியனுப்பக்கூட வரவில்லை. ஏன் கண்ணு கோபம்? நீ டீச்சராகிப் பெரிய கிளாஸ் பெண்களுக்கு நடத்துவது இப்படி ஒரு பாடமா? குழம்பில் உப்பு கம்மி என்று புருஷன் அறைகிறான். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறாள்! நம் ஊர்க் கூத்தென்றால் யாராவது எழுந்து கேட்க மாட்டோமா? அதனால்தான் மேடையேறி, அந்தப் பெண் கையில் கரண்டியைக் கொடுத்து, "போடுடி, ஆம்பள பசியோட குந்தினுகீறான்" என்றேன். என்ன கைதட்டல்! பெரிய டீச்சரம்மாவே எழுந்து, "உங்க பேத்திய விட நீங்கதான் நல்லா பாடம் சொன்னீங்க" என்றார்கள்.

மாப்பிள்ளை சிவசங்கரனை விசாரித்ததாகச் சொல்.

செங்கம்மா
(ஐந்தாம் வகுப்பு தேறியவள்)


ரேணிகுண்டா
20-2-1955

ஆயாவுக்கு,

வீட்டுக்குள் நடப்பதைப் பிள்ளைகள் ஒருமுறை வெளியே நின்று பார்க்கட்டும் என்றுதான் அந்த நாடகத்தை வகுப்பில் எடுத்து மேடையேற்றினேன். இனி எடுக்கக் கூடாதென்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். மனைவியாக நடித்த ரத்தினம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "டீச்சர், கரண்டிய நான் மறுபடியும் கீழ போட்டிருக்கணுமா?"

முகம் கழுவிக்கொள் என்று அவளை அனுப்பிவிட்டேன். நானே கீழே போடவில்லையே, ஆயா. போன ஆடியில் கன்னம் வீங்கி உன்னிடம் வந்தேன். மறுநாள் என் வீட்டுக்காரர் தேடி வந்தபோது நீ இப்படித்தான் என் கையில் கரண்டியைக் கொடுத்தாய். பரிமாறிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். பிறகும் அடித்தார். உனக்கு எழுதவில்லை.

இப்போது அவரை விட்டு வந்துவிட்டேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு லட்சுமம்மா டீச்சர் வீட்டில் இருக்கிறேன். இந்த இடம் அவருக்குத் தெரியாது. சித்தூருக்கு வந்து உன்னைத்தான் கேட்பார். உன் இஷ்டம்.

தாட்சாயணி


சித்தூர்
27-2-1955

என் கண்ணு தாட்சாயணிக்கு,

உன் கடுதாசியை ஒரு தடவை படித்தேன். மறுபடி படிக்க முகமில்லை. அந்த ரத்தினம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தது எனக்குத் தெரியும் கண்ணு. தெரிந்துதான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தெருவில் அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறார்கள். தலைவலி என்று உள்ளே போய்விடுகிறேன்.

நேற்று மாப்பிள்ளை வந்தார். "அவ எங்க?" என்றார். முதலில் சாப்பிடுங்கள் என்று இலை போட்டேன். சோற்றுக் குண்டானை முன்னால் வைத்து, கரண்டியை அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னா ஆயா இது?"

"போட்டுக்கினு துன்னுங்க."

"உனக்கும் அந்த நாடகப் பைத்தியம் புடிச்சிக்கிச்சா?"

"நான் அஞ்சாவதுதான மாப்ள. எனக்கு மெதுவாத்தான் ஏறும்."

கரண்டியை வீசியடித்துவிட்டுப் போனார். சுவரில் பட்டுக் காம்பு வளைந்துவிட்டது. ரேணிகுண்டா என்ற பேரே என் வாயில் வரவில்லை.

ரத்தினம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீயாக ஏதாவது சொல். மறுபடி நாடகம் போட விட்டால் என்னைக் கூப்பிடாதே. வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே வர மனசிருந்தால் வா. வந்து நீ உட்கார். நான் போடுகிறேன்.

செங்கம்மா