வெட்டாத பெயர்

11.6.1986, புதன்
வட்டக்கச்சி

இன்று காணிக் கந்தோருக்குப் போனேன். அரசாங்கக் குடியேற்றத்தில் கிடைத்த காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. எனக்குப் பிறகு ஒருவருக்குத்தான் எழுதலாம். முன்பு மூத்தவனின் பெயரைக் கொடுத்திருந்தேன். அவன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம். ஒரு சேதியும் இல்லை. வயலைப் பார்ப்பவள் மகள். அவள் பெயருக்கு மாற்றத்தான் போனேன்.

"பழைய பெயரை வெட்ட என்ன காரணம் எழுதுறது, ஐயா? மகன் உயிரோட இல்லையோ?" என்று கிளாக்கர் கேட்டார்.

"இருக்கிறான்" என்றேன். நிரப்பாத படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"மாத்தியாச்சோ, அப்பா?" என்றாள் மகள்.

"ஓம்."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். "என்ர வயலுக்குத் தண்ணி கட்டிப்போட்டு வாறன்."

இத்தனை வருடமும் 'எங்கட வயல்' என்றுதான் சொன்னவள்.