மூன்றில் ஒரு பங்கு

பாப்பாவுக்கு,

அம்மாவின் இதய ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. பணமும் கட்டிவிட்டேன். அந்தப் பணம் வந்த வழியைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

“மொத்தத்துல மூணுல ஒரு பங்கு கட்டடத்துல இருந்தா போதும்ப்பா, மிச்சம் கைக்கு எட்டுற மாதிரி பேங்க்ல இருக்கட்டும்” என்று நீ சொன்னபோது, “பேங்க்காரன் அதுக்கு வெள்ளையடிச்சு வாடகைக்கு விடுவானா?” என்று கிண்டல் செய்தேன். டைல்ஸ் வியாபாரத்தில் ஒரே ரகத்தை குடோன் முழுக்க அடுக்காத நான், சம்பாதித்ததை எல்லாம் கட்டடமாகவே அடுக்கிவைத்தேன்.

அவசரம் என்றதும் மற்ற கட்டடங்களை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள். உன் கிளினிக் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் ஒருவர் முழுப் பணத்தோடு வந்தார். விற்றுவிட்டேன். மூன்று மாதத்தில் நீ காலி செய்ய வேண்டும். நாற்காலி, மெஷின் எல்லாம் மாற்றும் செலவு என்னுடையது.

முதலில் உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இடம் பார்க்க வந்தவர் உன் பெயர்ப்பலகையைக் காட்டி, “உங்களுக்கு வேண்டியவங்களா?” என்றார். மகள் தொழில் செய்யும் இடத்தையே விற்கிறேன் என்று தெரிந்தால் என் நெருக்கடி புரிந்துவிடும், விலையை இறக்கிவிடுவார்.

“யாரோ ஒரு பல் டாக்டருங்க. சொன்னா காலி பண்ணிடுவாங்க” என்றேன்.

உள்ளே நீ ஏதோ ஒரு குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாய். வெளியே எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

அவர் விலையைக் குறைக்கவில்லை.

உன்
அப்பா