பஜ்ஜி வாசம் வீசிய ஸ்டவ்

சின்னம்மா,

நேற்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஜ்ஜிக் கடையைத் தாண்டும்போது உன் ஸ்டவ் வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. முகவரி இல்லாததால் ஸ்டாம்பு மிச்சம்.

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த அந்த வருஷம், சித்தூரில் வரிசையில் நின்றால், நம் முறை வரும்போது எண்ணெய் தீர்ந்து மண்தான் இருக்கும். அம்மா என்னைச் சுள்ளி பொறுக்க அனுப்பினாள். காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்பில் வேலை பார்த்த நீயோ, பஜ்ஜிக் கடையில் பொரித்துக் கறுத்த எண்ணெயை டின்னில் வாங்கி வந்தாய். இதை வைத்து என்ன செய்வாய் என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்க, சோறாக்கப் போகிறேன் என்றாயாம். பாவம் என்று நினைத்து இரண்டு பஜ்ஜி சேர்த்துக் கொடுத்தார்.

முதலில் அதை அப்படியே ஸ்டவ்வில் ஊற்றினாய். திரியில் எண்ணெய் ஏறவில்லை. வீடெங்கும் புகை ஏறியது. நான் கைதட்டினேன். நீ நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாய். பிறகு எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கி, லேப்பில் கேட்டு வாங்கிய ஸ்பிரிட்டில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதில் கலக்கினாய். மூன்று தடவை சோப்புதான் வந்தது. குளிக்கலாம், குழம்பு வைக்கமுடியாது என்றேன். அதற்கும் சிரித்துவிட்டு மறுபடி அளந்தாய்.

நான்காவது தடவை ஜாடியின் அடியில் வெல்லப்பாகு போல ஒன்று தங்கி, மேலே மெல்லிய மஞ்சள் எண்ணெய் தெளிந்து நின்றது. அதைத் தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காய்ச்சி, மண்ணெண்ணெயோடு பாதிக்குப் பாதி சேர்த்தாய். திரி புகையாமல் எரிந்தது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் வேலை செய்தது.

ஒரே குறை, எரியும்போது பஜ்ஜி வாசம். அதுவோ ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் உபவாச காலம். சபையில் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறாது. என்ன வாசனை என்று பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை சுவருக்கு மேலே எட்டிக் கேட்டார்.

"சின்னம்மா பஜ்ஜி சுட்டுக்கினு இருக்குது அத்தை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அப்படிச் சொன்னால் செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை. பெரிய வெள்ளியன்று சபைக்கே கஞ்சி காய்ச்ச நீ ஒப்புக்கொண்டு, ஒரு வாரமாக இந்த ஸ்டவ் எண்ணெயைச் சேர்த்துவந்தாய். அன்று காலை சபைக் கோயில் முற்றத்தில், உபவாசத்தை மீறினவர்கள் கஞ்சிப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று மூப்பர் எல்லார் முன்பும் சொல்லிவிட்டார்.

நீ முற்றத்திலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு குண்டான் பச்சைத் தண்ணீரை ஏற்றினாய். வாசம் பரவியதும் சின்னப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தண்ணீர் கொதித்ததும் மூடியைத் திறந்து காட்டினாய். மூப்பர் இரண்டு தடவை குனிந்து பார்த்தார். அப்படியானால் பஜ்ஜி என்று சொன்னது யார் என்று கேட்டார். எஸ்தர் அத்தை என் பக்கம் திரும்பினார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாந்தாண்ணா. வெளையாட்டுக்குச் சொன்னேன்."

உபவாச காலத்தில் என்ன விளையாட்டு என்று அவர் வெகுநேரம் திட்டினார். நீ தலையைக் குனிந்துகொண்டு, எண்ணெய் வீணாகாமல் திரியை மட்டும் இறக்கினாய். பிறகு கஞ்சியை நீயேதான் காய்ச்சினாய். வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னாய்: "அடுத்த தபா எனக்கும் சொல்லிட்டு செய்டி. மூஞ்ச எப்பிடி வெச்சிக்கறதுன்னு தெரியாம போச்சு."

என் குறும்பு இன்னும் நிற்கவில்லை, சின்னம்மா. ஆனால் யார் செய்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், இன்னொருத்தி பக்கம் யாரும் திரும்புவதற்குள் என் கை தானாக மேலே போய்விடுகிறது. டீச்சர் அதைத் திமிர் என்கிறார்.